கிழவன் கொடுத்த பனி

அத்தியாயம் பதினான்கு

காலை ஏழே முக்காலுக்கே அக்கா குளித்து, தலை வாரி, இஸ்திரி போட்ட உடுப்பில் தயாராக நின்றாள். சந்திப்பு என்னவோ பதினொரு மணிக்குத்தான். பஸ் டிப்போவில் பன்னிரண்டு வருடமாக வண்டிகளை நேரத்துக்குக் கிளப்பிவிடும் வேலை பார்ப்பவளுக்குத் தாமதம் என்ற சொல்லே ஆகாது.

இந்த நாளுக்காக அவள் எவ்வளவு காத்திருந்தாள் என்பது இந்தத் தொடரில் கூடவே வருகிறவர்களுக்குத் தெரியும். இன்றுதான் எட்டிப் பார்க்கிறவர்களுக்காக நாலு வரி. டிப்போவுக்குப் போகுமுன் தினமும் விடியலில் உட்கார்ந்து அக்கா எழுத, தம்பி அதை வீடியோ கேமாகச் செய்தான். மூன்று வருட வேலை. பெயர் 'அக்கரை'. ஒரு படகுக்காரன், பெரிய ஆறு, ஐந்து துறைகள், நாற்பத்திரண்டு பயணிகள். அவர்களை ஏற்றி இறக்க வேண்டும், வழியில் அவர்கள் பேசுவதைக் கேட்க வேண்டும். சுடுவது கிடையாது, குதிப்பது கிடையாது. விலை குறைந்த கையடக்க கன்சோல் செய்யும் கம்பெனி ஒன்று, தன் புதுக் கருவியில் போட்டே விற்பதற்கு மூன்று ஆட்டங்களைத் தேடிக்கொண்டிருக்கிறது. இன்று இவர்கள் முறை.

அக்காவின் கைப்பையில் ஒரு கடிதமும் இருந்தது. டிப்போ மேலாளர் கொடுத்தது. பதவி உயர்வு உண்டு, ஆனால் ஒன்பது மணி நேரப் பயணத்தில் வேறு ஊர். வருகிறாயா இல்லையா என்று இன்று நாலு மணிக்குள் சொல்லியாக வேண்டும். 'அக்கரை' தேறினால் போவதில்லை. தேறாவிட்டால் பெட்டி கட்டுவது, எழுதுவதையும் அதோடு விட்டுவிடுவது. யாரையும் கேட்காமல் அவளே எடுத்த முடிவு இது. அவள் எப்போது யாரைக் கேட்டிருக்கிறாள்?

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. கிழவனில் ஓடினால்தான் ஆட்டம். கிழவன் என்பது ஒன்பது வயது லேப்டாப். மூடி ஒரு பக்கம் கழன்று பிஸ்கட் டின்னில் சாய்ந்திருக்கும். சார்ஜர் வயரை ரப்பர் பேண்ட் போட்டு ஒரு கோணத்தில் இழுத்துப் பிடித்தால்தான் மூச்சு இருக்கும்.

"பாதிப் பேர் வீட்டுல இருக்கறது கிழவன்தான். அவங்களால ஆட முடியலன்னா நாம யாருக்குடா செய்யறோம்?" என்பது அக்காவின் கட்சி.

மூன்று வாரத்துக்கு முன் அந்தச் சட்டத்துக்கு வேட்டு வைத்தவள் தம்பியின் மனைவி. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை அவளுக்கு. கைக்கு வந்த போனஸில் புது மெஷின் ஒன்றை வாங்கி வந்து மேஜையில் வைத்தாள். உள்ளே கலர் கலராக விளக்கு எரியும். அக்கா அன்றே அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் சூட்டிவிட்டாள். "நல்லாத்தான் இருக்கும்மா" என்றாளே தவிர பக்கத்தில் போகவில்லை. வாங்கி வந்தவளின் முகம் சுண்டிப் போனதை அவள் கவனிக்கவும் இல்லை.

"அக்கா, வா. உனக்கு ஒண்ணு வச்சிருக்கேன்," என்று கூப்பிட்டான் தம்பி. மூன்று வாரமாக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்த வேலை. மாப்பிள்ளையின் பெரிய திரையில் 'அக்கரை' ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா பார்த்தாள். ஆறு தெரிந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. அங்கே மரம், மரத்தில் இலை, இலைக்குக் கீழே நிழல் எல்லாம் தெரிந்தது. படகில் உட்கார்ந்த ஒருத்தி, 'என் புருஷன் போயிட்டான்னு நான் யாருகிட்டயும் சொல்லல' என்று அடிக்குரலில் சொல்லும்போது, அவள் தலைக்குப் பின்னால் கரையில் நாலு மாடு மேய்வது பளிச்சென்று தெரிந்தது.

"பனி எங்கடா?"

"எடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"இனிமே அது எதுக்குக்கா? சும்மா ஒட்டுப் போட்டதுதானே அது. கிழவனால கொஞ்ச தூரத்துக்கு மேல வரைய முடியாது. அந்த ஓட்டைய மறைக்கத்தான் வெள்ளையா ஒரு பனியப் போட்டு வச்சேன். உனக்குத் தெரியாதா?"

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குத் தெரியாது. பனிதான் தம்பியின் கைவண்ணம் என்று நினைத்து, மொத்தக் கதையையும் அதன் மேலேயே கட்டியிருந்தாள். குரல் முதலில் வரும், முகம் பிறகு வரும். கரை கண்ணுக்குத் தெரியாத தைரியத்தில்தான் பயணிகள் மனதில் இருப்பதைக் கொட்டுகிறார்கள். தம்பியோ, தன் ஒட்டு வேலையை அக்கா பெருந்தன்மையாகப் பொறுத்துக்கொண்டு எழுதுகிறாள் என்று நினைத்திருந்தான். ஒரே மேஜையில் மூன்று வருடம் உட்கார்ந்தும் ஒரு நாள்கூட இருவரும் இதைப் பற்றி வாய் திறந்ததில்லை. இந்த வீட்டில்தான் இப்படியெல்லாம் நடக்கும்.

"கிழவன்ல ஓட்டிப் பாத்தியா?"

தம்பி தலையைச் சொறிந்தான். ஓட்டிப் பார்க்கவில்லை. இப்போது ஓட்டினார்கள். கிழவன் நாலு நிமிடம் பெருமூச்சு விட்டு ஆட்டத்தைத் திறந்தது. படகு கட்டிப்போட்ட மாதிரி நின்ற இடத்திலேயே நின்றது.

"பழசு இருக்குல்ல?"

"இருக்கு. ஆனா மாப்பிள்ளையில அது திறக்காது. கிழவன்ல திறந்து, கன்சோலுக்கு ஏத்த மாதிரி முடிச்சு எடுக்க ஆறு மணி நேரம் ஆகும்." அவன் குரல் தேய்ந்தது. "அப்பாவோட பொட்டியில புதுச ஏத்தி எடுத்துட்டுப் போலாம்னு நினைச்சேன். அவர்தான் மூணு வாரமா தொடவே விடல."

அக்கா எழுந்தாள். "அப்ப அதுல பழசுதான் இருக்கு. அப்பா நல்லா இருக்கட்டும்," என்றாள்.

முப்பது வருடம் டேங்கர் லாரி ஓட்டிய மனிதர். ஐந்து வாரத்துக்கு முன் தன் லாரியின் படியிலேயே சறுக்கி விழுந்து, இடுப்பு வரை கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். முதல் நாலு நாள் வீட்டில் ஒருவரையும் நிம்மதியாக இருக்கவிடவில்லை. ஐந்தாவது நாள் தம்பி மனைவிதான் பழைய கையடக்க கன்சோலில் 'அக்கரை'யை ஏற்றி அவர் கையில் கொடுத்தாள். இரண்டாம் கையாக வாங்கிய கருவி, வீட்டில் அதற்குப் பொட்டி என்று பெயர். அழுத்தும் பொத்தான் ஒன்று தொலைந்து போய், அந்த இடத்தில் சட்டைப் பொத்தானை ஒட்டி வைத்திருந்தது. மேஜை வேண்டாம், நாற்காலி வேண்டாம், நிமிர்ந்து உட்காரவும் வேண்டாம். போர்வைக்குள் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டால் போதும், லேசாகச் சூடாகி உள்ளங்கைக்கு இதமாக இருக்கும். அன்றிலிருந்து அப்பாவுக்கு வலி குறைந்ததோ இல்லையோ, புலம்பல் நின்றது.

"அப்பா, பொட்டி வேணும்."

"தர முடியாது."

"அவசரம்ப்பா. பத்து மணிக்குக் கிளம்பணும்."

"நடு ஆத்துல இருக்கேன்," என்றார் அப்பா, கண்ணை எடுக்காமல்.

துறையில் படகைக் கட்டினால் மட்டுமே ஆட்டம் சேமிக்கப்படும், நடுவில் நிறுத்தினால் போனது போனதுதான் என்று விதி வைத்தவளே அக்காதான். படகுக்காரன் நடு ஆற்றில் எழுந்து போகமாட்டான் என்று தம்பியோடு இரண்டு நாள் சண்டை போட்டு வைத்த விதி.

"கொஞ்சம் வேகமாப் போங்கப்பா," என்றான் தம்பி.

"பனியில வேகமாப் போனா என்ன ஆகும்னு உனக்கு என்ன தெரியும்? போய் டீ போடு."

மணி ஒன்பது பத்து. ஒன்பது இருபது. அக்கா கட்டில் தலைமாட்டில் நின்று அவர் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளையில் ஒரு குரல் வந்தது. அப்பா துடுப்பைத் தளர்த்திக் காது கொடுத்தார். குரல் வந்த பக்கம் மெதுவாகத் திருப்பினார். கட்டுக்குள் கிடந்த அவர் கால், பிரேக்கைத் தேடுவதுபோல லேசாக அசைந்தது.

"இந்தப் பனியப் போட்டவன் வண்டி ஓட்டத் தெரிஞ்சவன்," என்றார். "எவ்வளவு தெரியணுமோ அவ்வளவுதான் தெரியுது."

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஒன்பது ஐம்பதுக்குப் படகு நாலாவது துறையைத் தொட்டது. அப்பா சேமித்துவிட்டு, இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் பொட்டியைக் கொடுத்தார். "என் படகத் தொடக்கூடாது. காட்டறதுன்னா புதுசா ஆரம்பிச்சுக் காட்டுங்க."

வாசலில் தம்பி மனைவி கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அக்காவின் கையில் பொட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அண்ணி, அதையா எடுத்துட்டுப் போறீங்க? அதுல ஒண்ணு..."

"வந்து பேசிக்கலாம்மா. நேரமாச்சு." அக்கா அதற்குள் படியிறங்கியிருந்தாள்.

கம்பெனி ஒரு டயர் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருந்தது. ஆட்டங்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருந்தவள் அக்காவை விடப் பத்து வயது மூத்தவள். குட்டை முடி, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. எல்லோரும் மேடம் என்றார்கள். அவள் கட்டைவிரல் இரண்டிலும் காய்ப்புக் காய்த்திருந்ததைப் பார்த்ததும் அக்காவுக்குத் தெம்பு வந்துவிட்டது. ஆடத் தெரிந்தவள் கையில்தான் கொடுக்கப் போகிறோம், பிறகு என்ன.

"பதினைஞ்சு நிமிஷம்," என்றாள் மேடம். "காட்டுங்க."

அந்த நேரம் பார்த்துத் தம்பி அவசரப்பட்டான். புதிதாகத் தொடங்க வேண்டிய இடத்தில், சட்டைப் பொத்தானை அழுத்திப் பழைய ஆட்டத்தையே தொடர்ந்துவிட்டான். அப்பாவின் படகு திறந்துகொண்டது. மாற்றுவதற்குள் மேடம் அதைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

முதலில் கேள்வி கேட்டாள். எத்தனை பேர் செய்தீர்கள், எவ்வளவு இடம் பிடிக்கும், பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும். தம்பி பதில் சொல்லி முடிக்கும் வரை படகு துறையிலேயே சும்மா நின்றது. பிறகு அவள் கட்டைவிரல் நகர்ந்தது. கேள்விகள் குறைந்தன. கொஞ்ச நேரத்தில் அறவே நின்றுபோயின. திரை அவள் பக்கம் இருந்ததால் இவர்களுக்கு அவள் முகம் மட்டும்தான் தெரிந்தது.

கதவைத் தட்டி ஒருத்தர் எட்டிப் பார்த்தார். "மேடம், அடுத்தவங்க வந்துட்டாங்க."

"ஒரு நிமிஷம்." அவள் அக்காவைப் பார்த்தாள். "இதை எங்க நிறுத்தறது?"

"துறையில."

"நடுவுல நிறுத்த முடியாதா?"

"படகுக்காரன் நடு ஆத்துல எழுந்து போகமாட்டான் மேடம்."

"அவங்களுக்கு டீ கொடுங்க," என்று மேடம் கதவுப் பக்கம் சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். தம்பி மேஜைக்கு அடியில் அக்காவின் காலை மிதித்தான். அக்கா திருப்பி மிதித்தாள்.

ஐந்தாவது துறை வர நாற்பது நிமிடம் ஆயிற்று. மேடம் பொட்டியைக் கீழே வைக்காமல் கேட்டாள். "இந்தப் பனி யாரோட யோசனை?"

தம்பி அக்காவின் யோசனை என்று சொல்ல வாயெடுத்தான். அக்கா முந்திக்கொண்டாள்.

"எங்க பழைய லேப்டாப்போட யோசனை. அதால தூரத்துல இருக்கறத வரைய முடியல. அந்த ஓட்டைய மறைக்க இவன் பனியப் போட்டான். நான் அதுதான் கதைன்னு நம்பி எழுதிட்டேன். இன்னிக்குக் காலையிலதான் எனக்கே தெரியும்."

மேடம் வாய்விட்டுச் சிரித்தாள். "பனி இல்லாம ஒண்ணு வச்சிருக்கீங்களா?"

"இருக்கு. காட்டமாட்டோம்."

"வேண்டாம். எங்க கருவியும் உங்க லேப்டாப்புக்கு அண்ணன் தம்பிதான்." அவள் பேனாவை எடுத்தாள். "இத நான் எடுத்துக்கறேன். ஒரே ஒரு நிபந்தனை. எல்லாப் பயணிங்களும் நல்லாப் பேசறாங்க. ஆனா கடைசியா ஏறின பொண்ணு பேசினதுலதான் நான் துடுப்பையே விட்டுட்டேன். அவள மாதிரி இன்னும் பத்துப் பேர் வேணும். ஒரு மாசத்துல முடியுமா?"

கடைசிப் பயணி, குடை வைத்திருக்கும் நர்ஸ். நாற்பத்திரண்டாவது ஆள். பதினொரு தடவை மாற்றி எழுதியது அக்காவுக்கு மறக்குமா?

"எழுதித் தரேன்," என்றாள், கண் இமைக்காமல்.

திரும்பும் பஸ்ஸிலேயே மேலாளரை அழைத்தாள். "சார், நான் அந்த ஊருக்கு வரல. இங்கேயே இருக்கேன்."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா? இதோட இது வேற ஆளுக்குப் போயிடும்."

"மூணு வருஷம் யோசிச்சிருக்கேன் சார்." கடிதத்தை நாலாகக் கிழித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் தம்பி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தான்.

வீட்டுக்கு வந்து சேர மணி இரண்டரை. அப்பா பொட்டியை வாங்கித் திறந்து பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார்.

"என் படக யாரு ஓட்டினது? நாலாவது துறையில விட்டேன். அஞ்சுல நிக்குது."

தம்பி டீ போடுகிற சாக்கில் நழுவிவிட்டான்.

"கம்பெனி மேடம்பா. ஆட்டத்த எடுத்துக்கிட்டாங்க. நான் எங்கயும் போகல," என்றாள் அக்கா.

அப்பா அவள் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். பிறகு திரையைத் தடவினார். "ஓட்டினவ கை நல்ல கைதான். ஒருத்தரையும் விடல. நாப்பத்தி மூணு பேரையும் எறக்கிட்டா."

"நாப்பத்தி ரெண்டுப்பா."

"எனக்கு எண்ணத் தெரியாதா?"

அக்கா குனிந்து பட்டியலைப் பார்த்தாள். நாற்பத்திரண்டு, குடை வைத்திருக்கும் நர்ஸ். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. நாற்பத்திமூன்று, கண்ணாடி துடைப்பவள்.

பெயரைத் தொட்டாள். அந்தப் பயணி பேசியது எழுத்தாக வந்தது.

'நான் எங்கயும் போகல. இந்தக் கரையில ஒரு வீட்டுக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. அங்க எல்லாரும் ஆடுவாங்க. நீயும் ஆடறியான்னு என்னை மட்டும் யாரும் கேட்டதில்ல. துறையில கொஞ்ச நேரம் நின்னேன். படகுல கேக்காமலே இடம் கொடுத்தாங்க. அதான் ஏறிட்டேன்.'

முதலில் வந்தது கோபம்தான். என் படகில் இவள் எப்படி ஏறலாம்? எப்படி என்பதும் உடனே புரிந்தது. புரோகிராம் எல்லாம் தனக்கு வராது என்று, பயணிகள் பேசுவதை யாரும் திறந்து எழுதக்கூடிய சாதாரணப் பக்கமாகத் தம்பியிடம் கேட்டு வாங்கியவளே அக்காதான். பொட்டியில் ஆட்டத்தை ஏற்றியவள் இதையும் எழுதி ஏற்றியிருக்கிறாள். துறையில் காத்து நிற்கிறவர்களுக்கு மட்டும்தான் அவள் வருவாள் போலிருக்கிறது. மேடம் கேள்வி கேட்டுக்கொண்டு சும்மா நின்றாளே, அப்போது ஏறியிருக்கிறாள். மேடம் சொன்ன கடைசிப் பெண் நர்ஸ் இல்லை, இவள்.

அக்கா இரண்டாவது தடவை படித்தாள். நன்றாக இருந்தது. குடை வைத்திருக்கும் நர்ஸை விட நன்றாக இருந்தது, அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. வேலை மாற்றத்தை வேண்டாம் என்றாயிற்று, கடிதத்தைக் கிழித்தாயிற்று, பத்துப் பேரை எழுதித் தருகிறேன் என்று வாக்கும் கொடுத்தாயிற்று. எழுத வேண்டிய கை தன் கை இல்லை.

மாப்பிள்ளையை வைத்த அன்று அவள் முகம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது.

ஐந்தரைக்குத் தம்பி மனைவி வந்தபோது, செருப்புக் கழற்றும் இடத்திலேயே பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். கையில் பொட்டி.

"வாடி இங்க," என்றாள்.

இரண்டு வருடமாக 'ஏம்மா' என்பதைத் தாண்டாதவள். தம்பி மனைவி ஒரு கால் செருப்போடு நின்றாள்.

அக்கா பக்கத்தில் நகர்ந்து இடம் விட்டு, பொட்டியை நீட்டினாள். "ஆடறியா?"

தம்பி மனைவி கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டா நுனியில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "படிச்சிட்டீங்களா அண்ணி?"

"நான் படிச்சது இருக்கட்டும். கம்பெனி மேடம் படிச்சுட்டு உன்னத்தான் கேக்கறாங்க. உன்ன மாதிரி இன்னும் பத்துப் பேர் வேணுமாம். நான்னு நினைச்சு நான் வாக்குக் கொடுத்துட்டு வந்துட்டேன். எனக்கு அது வராது. உனக்கு வருது. ஆட்டத்துல என் பேருக்குப் பக்கத்துல உன் பேரும் வரும், அது நான் சொல்றேன்."

"பத்துப் பேர்னா, இன்னும் நாலு பேர்தான் எழுதணும்," என்றாள் அவள், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே.

"அதெப்படி?"

"ஆறு பேர் அதுக்குள்ளேயே இருக்காங்க. அஞ்சாவது துறை வந்ததும் ஆட்டம் முடிஞ்சிடுச்சுன்னு எல்லாரும் வச்சிடறீங்க. படகைத் திருப்புங்க அண்ணி. வர்ற வழியில நிக்கறாங்க."

"யாரு அந்த ஆறு பேர்?"

தம்பி மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தாள். "முதல்ல நிக்கறது நீங்க."

உள்ளிருந்து அப்பா, பொட்டி எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா சட்டைப் பொத்தானை அழுத்தினாள். படகு மெல்லத் திரும்பி, துறையை விட்டுப் பனிக்குள் போயிற்று. இனிக் கரை வரும்வரை அவளால் எழுந்து போக முடியாது.